வாள்மலையில் ஒரு பகல்

பார்சலோனா நகரில் அக்டோபர் மாதத்தில் காலை எட்டு மணிக்குத்தான் பொழுது புலர்கிறது. தூத்துக்குடியில் ஐந்து மணிக்கே எழுந்து பனிமய மாதா கோவிலில் முதல் பூசை கண்டு பழகிய எங்களுக்கு, ஏழரை மணியாகியும் சன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தது விநோதமாக இருந்தது. அந்த இருட்டிலேயே மகன் எங்களைப் புறப்படச் செய்தான். தோள்பையில் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் ஆப்பிளும் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தான். "எங்கேயப்பா போகிறோம்?" என்று கேட்டதற்கு, "மாதா கோவிலுக்குத்தான் அம்மா. மலைமேல் இருக்கிறது. சாயங்காலம் திரும்பிவிடலாம்" என்று மட்டும் சொன்னான்.

வாசகர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாங்கள் இருவரும் ஸ்பெயின் நாட்டிற்குச் சென்றது ஊர் பார்ப்பதற்காக அன்று. எங்களுக்கு அவன் ஒரே மகன். பொறியியல் படித்து, பார்சலோனாவில் மூன்றாண்டுகளாக நல்ல ஊதியத்தில் பணியாற்றி வந்தவன். தபசுக் காலத்தில் ஒருநாள் அவனிடமிருந்து கடிதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு இயேசு சபையில் சேர விரும்புவதாகவும், எங்கள் ஆசீர் வேண்டும் என்றும் எழுதியிருந்தான். நாங்கள் துறவறத்திற்கு விரோதிகள் அல்லர். தேவ அழைத்தல் ஞாயிறுதோறும், "நல்ல குருக்களை எங்களுக்குத் தந்தருளும்" என்று பங்குக் கோவிலில் உரத்த குரலில் செபித்தவர்களே. ஆனால் அந்தச் செபத்தில் எங்கள் வீட்டு முகவரியை நாங்கள் ஒருபோதும் சேர்த்துச் சொன்னதில்லை. ஆகவே அவன் மனத்தை மாற்றவே விமானம் ஏறினோம். மகனின் தாயார் தமது கைப்பைக்குள், எங்கள் கடற்கரையைச் சேர்ந்த ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணின் புகைப்படத்தையும் வைத்திருந்தார். அவன் எங்கே அழைத்துப் போகிறான் என்பது எங்களுக்கும் ஒருவாறு தெரிந்தே இருந்தது. நாங்களும் மாதாவிடம் முறையிடலாம் என்றுதான் உடன் சென்றோம்.

எஸ்பான்யா சதுக்கத்தின் அடியில், பூமிக்குக் கீழே இருக்கிறது ரயில் நிலையம். மணிக்கொரு தரம் அங்கிருந்து வண்டி புறப்படுகிறது. வண்டி சேருமிடத்தைக் காட்டும் பலகையில் 'மான்ரேசா' என்றிருந்தது. புனித இஞ்ஞாசியார் சரித்திரத்தில் சிறுவயதில் வாசித்த பெயர்! புத்தகத்தில் இருந்த ஓர் ஊருக்கு இன்றும் ரயில் போகிறது என்பது எங்களுக்கு ஏனோ வியப்பாகவே இருந்தது. நகரின் புறம்பான தொழிற்சாலைகள், அடுக்குமாடி வீடுகள், பின்னர் யோப்ரெகாட் ஆற்றின் பள்ளத்தாக்கு என்று ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். மகன் சன்னலோரம் எங்களை அமரச் செய்து தான் எதிரில் அமர்ந்தான். முந்திய இரவு நடந்த பேச்சின் களைப்பு மூவர் முகத்திலும் இருந்தது. ஒருவரும் பேசவில்லை.

திடீரென்று மலை தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் பழனி மலையையும் கண்டிருக்கிறோம். இது அவற்றின் சாயல் அன்று. பச்சைச் சரிவின்மீது வெளிறிய சாம்பல் நிறத்தில் நூற்றுக்கணக்கான கற்றூண்கள் நெருங்கி எழுந்து, விரல்களைக் கூட்டி வானத்தை நோக்கி உயர்த்தியதுபோல் நிற்கின்றன. மொன்செராத் என்பதற்கு 'அறுக்கப்பட்ட மலை', அதாவது மரம் அறுக்கும் ஈர்வாளால் அறுத்த மலை என்பது பொருள். எங்கள் ஊர்த் தச்சர்கள் அந்தக் கருவியை 'வாள்' என்றே சொல்வார்கள். எனவே வாள்மலை என்று நாங்கள் பெயரிட்டுக்கொண்டோம். அப்பெயருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டென்பது பிற்பாடு விளங்கும். அருகில் சென்று பாறையைத் தொட்டுப் பார்த்தால், கொத்தனார் சாந்தில் கூழாங்கற்களைக் குழைத்து அறைந்ததுபோல் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து குவித்த கற்கள் சுண்ணாம்பால் இறுகி, நிலம் மேலெழுந்தபோது மலையாகி, மழையாலும் காற்றாலும் அறுக்கப்பட்டவை. மிக உயர்ந்த சிகரமாகிய சான் ஜெரோனி 1,236 மீட்டர். புனித எரோணிமுவின் பெயர் அது.

மலையேறுவதற்கு இரு வழிகள். ஒன்று, 1930-ஆம் ஆண்டு முதல் இயங்கும் தொங்கூர்தி. ஆற்றின் கரையிலிருந்து மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் மேலே போய்விடுகிறது. ரயிலிலிருந்து அதைப் பார்த்த மகனின் தாயார் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, "நான் இதில் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதனால் அடுத்த நிலையமான மோனிஸ்ட்ரோலில் இறங்கி, பற்சக்கர ரயிலில் ஏறினோம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வரிசை பதித்து, அதில் சக்கரத்தின் பற்களைக் கோத்து ஏறும் வண்டி. நமது நீலகிரி ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஏறிற்று. இது அதற்கும் ஏழு ஆண்டு மூத்தது. ஆனால் நமது மலை ரயில் இன்றளவும் ஓடிக்கொண்டிருக்க, இதை 1957-இல் நிறுத்திவிட்டார்கள். 2003-இல்தான் புதிதாக அமைத்தார்கள். புகையும் கரியும் இல்லாத மின்சார வண்டி. அதில் ஊட்டி வண்டியின் சுவை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சுமார் 720 மீட்டர் உயரத்தில், பாறைத் தூண்களின் மடியில் ஒட்டவைத்தாற்போல் மடம் அமைந்திருக்கிறது. முதலில் கண்ணில் படுவது மடம் அன்று. கடைகளும் உணவு விடுதிகளும்தான். சுற்றுலாப் பேருந்துகளில் வந்திறங்கியோர் அணியணியாக, குடை பிடித்த வழிகாட்டியின் பின்னே நடக்கிறார்கள். வேளாங்கண்ணிக் கடைவீதியைக் குறை சொல்லிப் பழகிய எங்களுக்கு, இது உலகெங்கும் உள்ள வழக்கந்தான் என்று ஒரு சிறிய ஆறுதல்.

இம்மலையில் மாதா பக்தி தோன்றிய வரலாற்றை ஊரார் இவ்வாறு சொல்கிறார்கள்: 880-ஆம் ஆண்டில் ஆடு மேய்க்கும் சிறுவர்கள் சனிக்கிழமை மாலைகளில் மலையிலிருந்து ஒளி இறங்கக் கண்டனர், இன்னிசையும் கேட்டனர். தேடிச் சென்றவர்கள் ஒரு குகையில் மாதாவின் சுரூபத்தைக் கண்டெடுத்தனர். ஆயர் அதைக் கீழே கொண்டுசெல்ல முயன்றபோது சுரூபம் நகர மறுத்துவிட்டது. நமது வேளாங்கண்ணியின் மோர்க்காரச் சிறுவனை நினைத்துக்கொண்டோம். உலகில் எந்த மூலையிலும் மாதா முதலில் தேடுவது பிள்ளைகளைத்தான் போலும். இது மரபு. ஏடுகள் சொல்லும் வரலாறு 1025-ஆம் ஆண்டளவில் தொடங்குகிறது. ரிப்போய் மடத்தின் அதிபரும் விக் நகரின் ஆயருமாகிய ஒலிபா என்பவர், புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளைக் கொண்டு இங்கே மடம் நிறுவினார். 2025-இல் அதன் ஆயிரமாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். மடத்துக்கு மேலே உள்ள சிகரங்களில் தனித்தனிக் குடில்களில் வனவாசிகளும் வாழ்ந்தனர். அக்குடில்களுள் ஒன்று நமது வனத்து அந்தோணியார் பெயரால் இருந்தது.

இந்த ஆயிரம் ஆண்டில் மடம் அமைதியாக இருந்ததாக எண்ணிவிட வேண்டாம். நெப்போலியனின் படைகள் 1811-லும் 1812-லும் இதைக் கொளுத்தின. ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. 1835-இல் அரசு துறவிகளை வெளியேற்றியது; ஒன்பது ஆண்டு கழித்தே திரும்பினார்கள். 1936-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் மடத்தின் துறவிகள் இருபத்து மூவர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலரைத் திருச்சபை 2013-இல் தாராகோனா நகரில் அருளாளர்களாக அறிவித்தது.

சாம்பலாகாத ஏடு ஒன்றின் கதை எங்களைக் கவர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் மடத்தில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடி அது. அக்காலத்தில் திருயாத்திரிகர்கள் ஆலயத்திற்குள்ளேயே இரவு முழுதும் விழித்திருப்பர். தூக்கம் வராதிருக்கப் பாடுவர், ஆடுவர். பகலில் முற்றத்திலும் ஆடுவர். அவர்கள் கண்ட பாட்டை எல்லாம் பாடாமல் இருக்கவென்று, துறவிகளே பக்திப் பாடல்களை இசைக்குறிப்போடு எழுதிவைத்தார்கள். அவற்றுள் பத்துப் பாடல்கள் எஞ்சியுள்ளன. பிரெஞ்சுப் படை வந்தபோது அந்தச் சுவடி மடத்தில் இல்லை. யாரோ ஒரு பிரபு இரவல் வாங்கிப் போயிருந்தார், அதனால் பிழைத்தது. பிற்காலத்தில் செந்நிற வெல்வெட்டு அட்டை போட்டதால் 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர் பெற்றது. இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வந்ததே ஒரு புதுமை என்று நாங்கள் சொன்னபோது, அன்று முதல் தடவையாக மகன் சிரித்தான்.

பதினொரு மணிக்குத் துறவிகளின் திருப்பலி. கத்தலான் மொழியில் நடந்தது. எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆயினும் எந்த இடத்தில் எழ வேண்டும், எங்கே மண்டியிட வேண்டும் என்பதில் சந்தேகமே எழவில்லை. இம்மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தளபதி பிராங்கோவின் ஆட்சிக் காலத்தில், 1939 முதல் 1975 வரை, கத்தலான் மக்கள் தங்கள் தாய்மொழியைப் பொதுவிடங்களில் வழங்க இடம் பெரிதும் மறுக்கப்பட்டது. அப்போது அம்மொழிக்கு ஒதுங்க நிழல் கொடுத்த இடங்களில் இம்மலை முதன்மையானது. மடாதிபதி எஸ்கர்ரே 1963-இல் ஒரு பிரெஞ்சு நாளிதழுக்கு அளித்த பேட்டியில் அவ்வாட்சியை வெளிப்படையாகக் கண்டித்தார். 1965-இல் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. 1970 டிசம்பரில் எழுத்தாளரும் கலைஞருமாகச் சுமார் முந்நூறு பேர், மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த பாஸ்க் இளைஞர்களுக்காக இம்மடத்திற்குள் அமர்ந்து குரல் எழுப்பினர். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1881-இல் இந்த மாதாவைக் கத்தலோனியாவின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்நாட்டுக் குடும்பங்களில் ஒரு பெண்ணாவது மொன்செராத் என்ற பெயரோடு இருப்பாள். நம்மிடையே ஆரோக்கியமேரி இல்லாத குடும்பம் உண்டா? அதுபோலத்தான்.

திருப்பலி முடிந்து வெளிவரும் வழியில், ஆலயத்தின் முன்முற்றத்தில், இஞ்ஞாசியாரின் நினைவாக ஒரு சுரூபம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைக் கடந்து விரைகிறார்கள். மகன் அங்கே நின்றுவிட்டான்.

வரலாறு வாசகர்கள் அறிந்ததே. போர்வீரராகிய இஞ்ஞாசியார் 1521 மே மாதம் பம்ப்லோனாக் கோட்டையைக் காக்கையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தார். படுக்கையில் வாசிக்க வீரக்கதைகள் கேட்டார். அவை கிடைக்காததால் ஆண்டவர் சரித்திரமும் புனிதர்கள் சரித்திரமும் கொடுத்தார்கள். மறு ஆண்டு, நொண்டும் காலோடு ஒரு கோவேறு கழுதையின் மேலேறி இம்மலைக்கு வந்து சேர்ந்தார். தம் வாழ்நாள் பாவங்களை எல்லாம் எழுதிவைத்து, மூன்று நாட்கள் பாவசங்கீர்த்தனம் செய்தார். வீரப் பட்டம் ஏற்கும் இளைஞன் அதற்கு முந்திய இரவு ஆயுதங்களோடு ஆலயத்தில் விழித்திருப்பது அக்கால வழக்கம். தாம் வாசித்த கதைகளில் வந்த அவ்வழக்கத்தையே அவர் மாற்றிச் செய்தார். 1522 மார்ச் 24, மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்திய இரவு, சிறிது நேரம் நின்றும் சிறிது நேரம் முழந்தாளிட்டும் மாதாவின் பீடத்தின்முன் விடியும்வரை விழித்திருந்தார். தமது வாளையும் குறுவாளையும் அவ்விடத்திலேயே விட்டுச் சென்றார். வாள்மலையில் வைத்த வாள்! பார்சலோனாவில் இயேசு சபையாரின் ஆலயத்தில் காக்கப்படும் ஒரு வாளை, அவருடையது என்று இன்றும் காட்டுகிறார்கள்.

இப்போதுள்ள பேராலயம் 1592-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. ஆகவே அவர் முழந்தாளிட்ட தளம் இதுவன்று. பழைய ஆலயத்தின் கல்வாசல் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது.

அன்றிரவு அவர் தமது விலையுயர்ந்த உடைகளை ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத்துணி அங்கியை அணிந்தார். மறுநாள் அவர் மான்ரேசாவை நோக்கிப் போகையில் பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்து, "அந்தப் பிச்சைக்காரனுக்கு உடைகளைக் கொடுத்தது நீர்தாமா?" என்று விசாரித்தான். திருடியவன் என்று சந்தேகித்து அவனைப் பிடித்து வைத்திருந்தார்களாம். தாம் செய்த தருமம் ஓர் ஏழைக்கு இடையூறாயிற்றே என்று இஞ்ஞாசியார் கண்ணீர் விட்டார். மகனின் தாயார் இந்த நிகழ்ச்சியை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "நாம் ஒன்றை விட்டுக் கொடுத்தால் அதற்கு வேறொருவர் அல்லவா துன்பப்படுகிறார்" என்று அவர் சொன்னது யாரைக் குறித்து என்று எங்களுக்குத் தெரியும். மகன் பதில் சொல்லவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, "அவர் வீட்டில் ஒருவரும் தடுக்கவில்லையா?" என்று தகப்பனார் கேட்டார்.

"தடுத்தார்கள் அப்பா. தாய் தகப்பன் இருவரும் முன்பே இறந்துவிட்டார்கள். அண்ணன்தான். தம்பியின் போக்கைப் பார்த்து, அவரை அறை அறையாக அழைத்துச் சென்று, ஊரார் உன்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள், உன்னால் குடும்பத்திற்கு எவ்வளவு நன்மை உண்டு, உன்னை நீயே பாழாக்கிக் கொள்ளாதே என்று கெஞ்சினாராம். இஞ்ஞாசியார் தாமே பிற்காலத்தில் சொல்லி எழுதவைத்தது."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லொயோலாக் குடும்பத்தின் வீடு கோட்டை போன்றது, அறைகளுக்குக் குறைவில்லை. எங்கள் மகன் குடியிருக்கும் வீட்டில் இரண்டே அறைகள். முந்திய இரவு அவ்விரண்டிலும் அவனை அழைத்துச் சென்று, அந்த அண்ணன் சொன்னவற்றைச் சொல்லுக்குச் சொல் நாங்கள் சொல்லி முடித்திருந்தோம்.

அந்த அண்ணன் பேச்சு எடுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. இங்கிருந்து இறங்கிய இஞ்ஞாசியார் மான்ரேசாவில் சில நாட்களே தங்க நினைத்து, ஏறத்தாழ பதினொரு மாதம் தங்கினார். ஞானப் பயிற்சிகள் என்ற நூல் அங்கே உருவெடுக்கத் தொடங்கியது. 1540-இல் சபை அங்கீகாரம் பெற்றது. 1542-இல் சவேரியார் எங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வந்து நின்றார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையில் நாங்கள் சிறுவயது முதல் மெழுகுதிரி ஏற்றி வருகிறோம். தமிழ் எழுத்தில் 1578-இல் கொல்லத்தில் முதல் நூலை அச்சிட்ட அண்ட்ரிக் அடிகள், ஓரியூர் மண்ணில் 1693-இல் இரத்தம் சிந்திய அருளானந்தர், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் ஆகிய அனைவரும் அந்தச் சபையினரே. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். இதைத் தகப்பனார் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை, அன்றிரவுதான் சொன்னார்.

பகல் ஒரு மணியளவில் ஆலயம் மீண்டும் நிரம்பியது. எஸ்கொலானியா எனப்படும் மடத்துச் சிறுவர் பாடகர் குழு பாடும் நேரம். ஐரோப்பாவின் மிகப் பழமையான சிறுவர் குழுக்களுள் ஒன்று. பதினான்காம் நூற்றாண்டிலேயே இது பற்றிய சான்றுகள் உள்ளன. ஒன்பது முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகள் மடத்துப் பள்ளியிலேயே தங்கிப் படிக்கிறார்கள். கறுப்பு அங்கியும் மேலே வெள்ளைச் சட்டையுமாக வந்து நின்று, முதலில் கிருபை தயாபத்து மன்றாட்டை இலத்தீனில் பாடினார்கள். அடுத்து, கவிஞர் வெர்தகேர் 1880-இல் எழுதிய 'விரொலாய்' என்னும் மாதா கீதம். அதை அங்கிருந்த முதியோர் எல்லாம் உதட்டளவில் கூடவே பாடினார்கள். எங்கள் முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மொத்தம் பத்து நிமிடந்தான். பிறகு பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகளாகி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். இவர்களின் பெற்றோர் வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளையை எப்படி அனுப்பி வைக்கிறார்கள் என்று தாயார் கேட்டார். அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

சாலையோரத்தில் கிராமத்துப் பெண்கள் பாலாடைக்கட்டியும் தேனும் அத்திப்பழமும் விற்கிறார்கள். 'மத்தோ' என்னும் உப்பில்லாத இளங்கட்டியின்மேல் தேனை ஊற்றித் தருவார்கள். நாங்கள் கொண்டுபோன ரொட்டியோடு அதையும் உண்டோம். கெட்டித் தயிரும் அன்று, திரட்டுப்பாலும் அன்று. இரண்டுக்கும் நடுவிலான சுவை.

சுரூபம் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் குகைக்கு, மலையின் விளிம்பைச் சுற்றி இறங்கும் பாதை ஒன்று உண்டு. தாயாருக்கு முழங்கால் வலி. அவர் நிழலில் அமர்ந்து செபமாலை சொல்ல, நாங்கள் தந்தையும் மகனும் நடந்தோம். வழிநெடுகச் செபமாலையின் பதினைந்து தேவ இரகசியங்களும் கல்லிலும் உலோகத்திலும் வடிக்கப்பட்டிருக்கின்றன. மகிமையின் முதல் இரகசியமாகிய உயிர்ப்பை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி. பார்சலோனாவின் திருக்குடும்பப் பேராலயத்தை எழுப்பத் தம் வாழ்வைச் செலவிட்ட அவரைத் திருச்சபை 2025-இல் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. பாறையையே கல்லறையாகக் குடைந்திருக்கிறார். அந்த நடையில் தந்தையும் மகனும் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதிகம் ஒன்றும் பேசவில்லை. திரும்பி ஏறும்போது மகன் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டான் என்பது மட்டும் உண்மை.

மாலை நான்கு மணிக்குமேல் பேருந்துகள் கீழிறங்கத் தொடங்கின. கூட்டம் குறைந்ததும், மாதாவின் சுரூபத்தை அருகில் காணும் வரிசையில் நின்றோம். ஆலயத்தின் வலப்புறமாகச் சிற்றறைகளைக் கடந்து, பீடத்திற்கு மேலேயுள்ள மாடத்திற்குப் படிகள் ஏறுகின்றன. படிகளின் இருமருங்கிலும் புனித கன்னியரும் புனித தாய்மாரும் வண்ணக்கல் பதித்த ஓவியங்களாக நிற்கிறார்கள். தாயார் ஒவ்வொரு படியிலும் நின்று, தாய்மார் பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஏறினார்.

சுரூபம் நாங்கள் எண்ணியதைவிடச் சிறியது. ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரத்தில் செதுக்கியது. பொன்னாடை அணிந்து அரியணையில் அமர்ந்திருக்கும் அன்னையின் மடியில் குழந்தை இயேசு. அன்னையின் முகமும் கைகளும், குழந்தையின் முகமும் கன்னங்கரேலென்று கறுத்திருக்கின்றன. தொடக்கத்தில் இந்நிறம் இல்லை என்றும், பழைய வண்ணப்பூச்சு காலத்தாலும் மெழுகுதிரிப் புகையாலும் கறுக்க, பின்னர் வந்தோர் கறுப்பு வண்ணத்தையே தீட்டிவிட்டார்கள் என்றும் ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். மக்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 'மொரெனேத்தா', அதாவது 'எங்கள் கறுத்த சின்னம்மா' என்று செல்லமாக அழைக்கிறார்கள். வெள்ளை நிறத்தார் வாழும் நாட்டின் பாதுகாவலி கறுத்த நிறத்தாள்!

சுரூபத்தைக் கண்ணாடி மூடியிருக்கிறது. வலக்கையில் ஏந்திய உருண்டை மட்டும் கண்ணாடிக்கு வெளியே நீண்டிருக்கிறது. வருவோர் எல்லாரும் அதைத் தொட்டு வேண்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சில நொடிகள்தான். இந்த நொடிகளுக்காகவே தாயார் தூத்துக்குடியிலிருந்து ஒரு விண்ணப்பத்தைச் சொல் மாறாமல் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். உருண்டையின்மேல் கையை வைத்தார், முகத்தைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"சொல்லிவிட்டாயா?" என்று வெளியே வந்ததும் தகப்பனார் கேட்டார்.

"இல்லை. மறந்துபோயிற்று. எங்கள் அம்மாவின் நிறம்" என்றார் அவர். சற்று நேரம் கழித்து, "அவளும் ஒரே மகனை வைத்திருந்தவள்தானே" என்றார்.

மாடத்திலிருந்து இறங்கினால், பாறைச் சுவரோரமாகச் செல்லும் ஒரு நடைபாதையில் வந்து சேர்கிறோம். அருள்நிறை மந்திரப் பாதை என்று அதற்குப் பெயர். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறந்நிறமான கிண்ணங்களில் மெழுகுதிரிகள் வரிசை வரிசையாய் எரிகின்றன. மாலைக் காற்றில் பாறையெல்லாம் மெழுகின் மணம். தாயார் இரண்டு திரிகள் வாங்கி ஏற்றினார். ஒன்றைக் காட்டி, "இது இவனுக்கு" என்றார்.

"மற்றது?"

அவர் கைப்பையைத் திறந்து அந்தப் புகைப்படத்தை வெளியே எடுத்து மகனிடம் நீட்டினார். நாங்கள் வந்து சேர்ந்த ஐந்து நாட்களில் அவன் அதை அப்போதுதான் பார்த்தான். "நல்ல பெண். தங்கமான குடும்பம். இவளுக்கு ஒரு நல்ல வரன் அமைய வேண்டும் அல்லவா? அதற்குத்தான்" என்றார்.

மகன் படத்தை இரு கைகளாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, அதேபோல் இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தான். பிறகு அந்த இரண்டாவது திரி காற்றில் அணையாதபடி, சிறிது நேரம் கையைக் குவித்து மறைத்துக்கொண்டு நின்றான்.

பற்சக்கர ரயிலில் இறங்கி, மோனிஸ்ட்ரோல் நிலையத்தில் மான்ரேசாவிலிருந்து வரும் வண்டிக்குக் காத்திருந்தோம். சூரியன் மறைந்து மலை கறுத்துவிட்டது. தோள்பையில் ஒரு முட்டை மிஞ்சியிருந்தது. தாயார் அதை உரித்து மகனுக்குக் கொடுத்தார். புகைப்படத்தின் முனை மடங்கியிருந்ததைக் கண்டு, அதை விரலால் நீவி, செபப் புத்தகத்தின் நடுவில் பத்திரமாக வைத்தார். ஊருக்குத் திரும்பியதும் பெண் வீட்டாரிடம் அதை நேரில் சென்று ஒப்படைக்க வேண்டும்.